மஞ்சள் விமானத்தின் இடது இறக்கை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதறேன். நானும் என் கை காலும் முழுசா இருக்கோம். அதனால அதை விசாரிச்சே அடுத்த கடிதத்துல பாதிப் பக்கத்தை வீணாக்காதே. அப்பாவுக்கு மூச்சு வாங்கறது குறைஞ்சிருக்கா? ஒழுங்கா தூங்கறாரா?

கெட்ட சேதியை முதல்ல சொல்லிடறேன். பூச்சிமருந்து தெளிக்கிற கம்பெனியை மூடிட்டாங்க. விமானங்களை எல்லாம் ஒரே நாள்ல யார் யாரோ வந்து ஓட்டிட்டுப் போயிட்டாங்க. நான் ஹெல்மெட்டைக் கையில வெச்சுக்கிட்டு விமான மைதானத்து வாசல்ல நின்னேன், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவ மாதிரி.

நல்ல சேதியும் இருக்கு. இங்கே தீவு ஆஸ்பத்திரிக்கு ஒரு விமானி வேணுமாம். மழைக்காலத்துல படகு நின்னுடும், அப்புறம் மருந்து, தபால் எல்லாம் ஆகாய வழியாத்தான். நிரந்தர வேலை. குடியிருக்க வீடும் தர்றாங்க. ஒரே நிபந்தனை, விமானம் என்னோடதா இருக்கணும்.

வீடுன்னு எழுதினதை ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துக்கிட்டேன் அண்ணா. என் வீட்டுக்காரர் காய்ச்சல்ல போனதிலிருந்து என் பொண்ணு பொடிசு மாமியார் வீட்டுலதான் வளர்றா. "நிலையா ஒரு வேலையும் தலைக்கு மேல ஒரு கூரையும் காட்டு, நானே துணிமணி மடிச்சுக் கொடுத்து அனுப்பறேன்"னு மாமியார் சொன்னாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லலை. ஆனா போன தடவை பார்க்கப் போனப்ப பொடிசு என்னை "நீங்க எப்ப வந்தீங்க?"ன்னு கேட்டா. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்கிற மாதிரி.

உன் ஒர்க்‌ஷாப் பக்கத்து மைதானத்துல ஒரு மஞ்சள் விமானம் விலைக்கு நிக்குதுன்னு கேள்விப்பட்டேன். ரெண்டு பேர் உட்கார்ற சின்ன விமானம், மர இறக்கை. எனக்கு இன்ஜின் தெரியும், மரம் தெரியாது. உனக்கு மரம்தான் தெரியும். போய்ப் பார்த்துச் சொல்லு. நீ சரின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடறேன்.

அப்பா கிட்ட நான் குண்டாயிட்டேன்னு சொல்லு, சந்தோஷப்படுவார்.

உன் தங்கச்சி,
வாலு


ஜனவரி 20

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதறது. கை காலை விசாரிக்கக் கூடாதுன்னுட்டே. சரி, காது எப்படி இருக்கு? இன்ஜின் கிட்ட நிக்கும்போது பஞ்சு வெச்சுக்கறியா? அப்பாவுக்கு மூச்சு பரவாயில்லை, ஞாபகம்தான் வந்து வந்து போகுது. வானத்துல எந்தச் சத்தம் கேட்டாலும் "அவ இறங்கிட்டாளா?"ன்னு கேட்பார். "இறங்கிட்டாப்பா"ன்னு நான் சொல்ற வரைக்கும் சாப்பாட்டுல கை வைக்க மாட்டார்.

மர இறக்கையைப் பத்திக் கேட்டே. இரும்பு கெட்டா துரு வெளியில வந்து காட்டிக் கொடுத்துடும். மரம் கமுக்கமான ஆள். மேலே மினுமினுன்னு இருக்கும், உள்ளே இத்துப்போயிருக்கும். அதனால முதல்ல இறக்கையில இருக்கிற சின்ன மூடியைக் கழட்டி மூக்கை உள்ளே விடணும். நல்ல மரம்னா பழைய மர பீரோவைத் திறந்த வாசனை வரும். கெட்டதுன்னா காயாத துணி வாசனை. எலி குடும்பம் நடத்தியிருந்தா அது தனி வாசனை, அதை நான் எழுதலை, நீ சாப்பிட்டுக்கிட்டே படிப்பே. அப்புறம் ஒரு நாணயத்தால இறக்கை முழுக்கத் தட்டிக்கிட்டே போகணும். டக் டக்குன்னு வந்தா பசை பிடிச்சிருக்கு. தொத் தொத்துன்னு வந்தா உள்ளே பலகை விட்டுடுச்சு. கடைசியா, இறக்கை விமானத்து உடம்போட சேர்ற இடத்துல, போல்ட்டைச் சுத்திக் குத்தூசியால குத்திப் பார்க்கணும். இறக்கைக்குள்ள நீளமா ஓடற உத்திரக்கட்டை அங்கேதான் மாட்டியிருக்கு. மொத்த பாரமும் அது மேலதான். அது போச்சுன்னா மத்ததெல்லாம் இருந்தும் இல்லாத மாதிரி.

ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கறேன். இந்த வாரம் வேலை அதிகம். விழுந்த விமானம் ஒண்ணு லாரியில வந்திருக்கு. ஓட்டினவனை எனக்குத் தெரியும். என் பட்டறை மேஜை மேல உட்கார்ந்துக்கிட்டு டீ குடிக்கிற பையன். அதைப் பத்தி வேற எதுவும் கேட்காதே.

பஞ்சை மறக்காதே.

அண்ணன்


பிப்ரவரி 2

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் நலமா இருப்பேன்னு நம்பறேன்.

மஞ்சள் விமானம் வேண்டாம். இடது இறக்கை இத்துப்போயிருக்கு. பார்த்துட்டேன்.

மேஸ்திரிகிட்ட உனக்காகப் பேசினேன். ஒர்க்‌ஷாப் ஆபீஸ்ல கணக்கு எழுத ஆள் தேவைப்படுதாம். நம்ம வீட்டு மாடி அறை காலியாத்தான் கிடக்கு. பொடிசையும் கூட்டிட்டு வந்துடு. அப்பாவும் நிம்மதியா சாப்பிடுவார்.

அண்ணன்


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம்னு எழுத மனசு வரலை. அப்பா நல்லா இருக்காரேன்னுதான் ஒரு ஆறுதல்.

உன் கடிதத்தைப் பலதடவை படிச்சுட்டேன். வழக்கமா எலி வரைக்கும் எழுதுவே. இந்தத் தடவை ரெண்டு வரியோட முடிச்சுட்டே. எனக்குக் கஷ்டமா இருக்கும்னு சுருக்கிட்டியா? அண்ணா, இத்துப்போன கட்டையை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் புதுசு போட முடியாதா? உன் கையால முடியாததா? கூட நின்னு நான் தேய்ச்சுக் கொடுக்கறேன், பிடிச்சுக் கொடுக்கறேன். எதுன்னாலும் சொல்லு.

கணக்கு எழுதற வேலைக்கு நன்றி. ஆனா நான் ஒரு பத்தி கூட்டினா மூணு விடை வரும்னு உனக்கே தெரியும். அதைவிட, மாமியார் கேட்டது நிலையான வேலை. அண்ணன் வீட்டு மாடியில ஒண்டிக்கிட்டு இருக்கறதை அவங்க வேலைன்னு ஒத்துக்க மாட்டாங்க. பொடிசுக்கு வீட்டோட படத்தை வரைஞ்சு அனுப்பிட்டேன் அண்ணா. எந்த ஜன்னல் அவளோடதுன்னு அம்பு போட்டுக் காட்டியிருக்கேன். இப்ப என்ன சொல்லுவேன்?

ஆஸ்பத்திரியில மே கடைசி வரைக்கும் பார்ப்போம்னு சொல்லியிருக்காங்க. தயவுசெஞ்சு இன்னொரு தடவை போய்ப் பாரு. ஒரே ஒரு தடவை.

வாலு


மார்ச் 1

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீ ஒழுங்கா சாப்பிடறியா?

இன்னொரு தடவை பார்க்க வழியில்லை. அதை யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவங்கவங்க தலையெழுத்து. உத்திரக்கட்டையை மாத்தறது புது இறக்கை கட்டற மாதிரி, மாசக்கணக்காகும், அதுக்குள்ள மழை வந்துடும். மனசைத் தேத்திக்கோ. எல்லாம் நல்லதுக்குன்னு நினைச்சுக்கோ.

அப்பா உன் போட்டோவைத் தலையணைக்கு அடியில வெச்சிருக்கார்.

அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமா? அப்பாவுக்கு மூச்சு எப்படி இருக்கு? உன் முதுகு வலி தேவலையா? மேஸ்திரி நலமா? இங்கே எனக்கு எல்லாம் சௌக்கியம். காதுல பஞ்சு வெச்சுக்கறேன்.

ஒரு சின்ன சந்தேகம். இனிமே நானே மரம் பார்க்கக் கத்துக்கலாம்னு இருக்கேன், அதுக்குத்தான். அந்த மஞ்சள் விமானத்துல எந்த இடத்துல இத்துப்போயிருந்துச்சு? சரியா இடத்தைச் சொல்லு.

தங்கச்சி


ஏப்ரல் 5

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்க ரெண்டு பேரும் நலம். முதுகு அப்படியேதான் இருக்கு.

உடம்போட சேர்ற இடத்துல, கீழ் போல்ட்டுக்குப் பின்னாடி. வெளியில ஒண்ணுமே தெரியலை. குத்தூசியை வெச்சேன், வெண்ணெயில இறங்கற மாதிரி கைப்பிடி வரைக்கும் இறங்கிடுச்சு. உள்ளே கறுப்பா இருந்துச்சு.

ஏன் இப்ப இதைக் கேட்கறே? வேற ஏதாவது விமானம் பார்த்து வெச்சிருக்கியா? எதுவா இருந்தாலும் எனக்கு எழுதாம வாங்காதே.

அண்ணன்


மே 3

அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

விமானம் வாங்கிட்டேன். ஒரு தரகர் மூலமா. உனக்கு வீண் சிரமம் வேண்டாம்னு நானே பார்த்துக்கிட்டேன். நீல நிறம். இதுவும் மர இறக்கைதான். புதுசா பெயிண்ட் அடிச்சு, முகம் பார்க்கலாம் போல இருக்கு. இறக்கை அடியில வரிசையா இருந்த பொடி ஓட்டைகளைக் கூட அடைச்சு வழவழன்னு பண்ணியிருக்காங்க. மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன், பெயிண்ட் வாசனைதான் வந்துச்சு. போல்ட்டைச் சுத்தி டீ கொட்டின மாதிரி ஒரு கறை இருக்கு, கிரீஸ்தான்னு தரகர் சொன்னார். குத்தூசியை எடுத்தேன், "புதுப் பெயிண்ட்ல ஓட்டை போடாதீங்கம்மா"ன்னு கத்தினார். விட்டுட்டேன். இன்ஜின் தங்கம்.

ஆஸ்பத்திரிக்காரங்க வந்து பார்த்துட்டு வேலைக்குக் கையெழுத்து வாங்கிட்டாங்க. வீட்டுச் சாவி கையில இருக்கு. ஜூன் முதல் வாரம் பொடிசை இதுலயே போய்க் கூட்டிட்டு வரப் போறேன்.

அப்பாவைப் பார்த்துக்கோ.

இப்படிக்கு,
தங்கச்சி


மே 12

வாலு,

நல்லா இருக்கியான்னு கேட்கக்கூட நேரமில்லை. அந்த விமானத்துல ஏறாதே.

அடைச்சதுன்னு எழுதினியே, அந்தப் பொடி ஓட்டையெல்லாம் இறக்கைக்குள்ள சேர்ற தண்ணி வடியறதுக்காக வெச்சது. அதை அடைச்சவன் ஒண்ணு முட்டாள், இல்லேன்னா திருடன். மழையும் பனியும் உள்ளேயே நின்னு ஊறியிருக்கும். போல்ட்டைச் சுத்தி இருக்கிறது கிரீஸ் இல்லை. மரம் அழுகி வடிஞ்ச கறை. தரகன் குத்தூசியைத் தடுத்தது பெயிண்ட்டுக்காக இல்லை.

பெயிண்ட் போனா போகட்டும், குத்து. இன்னிக்கே குத்து. உத்திரக்கட்டை கெட்டுப்போன இறக்கை தரையில நல்லாத்தான் நிக்கும், நாலு தடவை நல்லாப் பறக்கவும் பறக்கும். அஞ்சாவது தடவை காத்து ஒரு தூக்கு தூக்கினா மடங்கிடும். பொடிசை அதுல ஏத்தாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கறேன். பார்த்துட்டு உடனே ஒரு வரி எழுது.

அண்ணன்


மே 27
படகுத்துறையிலிருந்து

வாலு,

பதில் இல்லை. தந்தி கொடுத்தேன், அதுக்கும் பதில் இல்லை. அப்பாவைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுக் கிளம்பி வந்துட்டேன். இங்கே ஆள் ஏத்தற படகை நிறுத்திட்டாங்க. கடைசியா ஒரு தபால் படகு மட்டும் போகுதாம். "மூட்டையோட மூட்டையா என்னையும் போட்டுக்கய்யா"ன்னு படகுக்காரன் காலைப் பிடிக்காத குறை. "கடல் இருக்கிற இருப்புல என் ஆளுங்களையே எண்ணித்தான் ஏத்தறேன், நீங்க வேறயா"ன்னுட்டான். கடிதத்தை மட்டும் வாங்கிக்கறேன்னான். அவன் கயிறு அவிழ்க்கறான், நான் முழங்கால்ல தாளை வெச்சு எழுதறேன்.

ஏன் பதில் இல்லைன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சுபோச்சு. இடத்தைச் சரியாச் சொல்லுன்னு கேட்டியே, அன்னிக்கே தெரிஞ்சிருக்கு.

மஞ்சள் விமானத்துக்கு ஒண்ணுமில்லை. இத்தனை வருஷத்துல நான் பார்த்த மரத்துலயே அதுதான் நல்ல மரம். அன்னிக்குக் காலையில, விழுந்த விமானத்தோட சீட்டை நான்தான் கழுவினேன். யாரும் முன்வரலை. வாளி வாளியா ஊத்தியும் வடியற தண்ணியில சிவப்பு போகலை. மத்தியானம் அப்படியே மஞ்சள் விமானத்தைப் பார்க்கப் போனேன். தட்டின இடமெல்லாம் மணி மாதிரி சத்தம். ஒரு குறை கிடைக்காதான்னு தேடினேன் வாலு, கிடைக்கலை. சீட்டைப் பார்த்தேன், அதுல நீ உட்கார்ந்திருந்தே. வீட்டுக்கு வந்து "இத்துப்போயிருக்கு"ன்னு எழுதிட்டேன். மூணு வாரம் கழிச்சு விமானப் பயிற்சிப் பள்ளி கேப்டன் அதையே பார்க்கச் சொன்னார். "தாராளமா வாங்குங்க"ன்னேன். அடுத்தவன் ஏறும்போது என் கை நடுங்கலை.

நான் பண்ணினதுக்கு நீ என்ன வேணா பண்ணு. என் முகத்துல முழிக்காதே. ஆனா நீல விமானத்தைப் பத்தி எழுதினது பொய் இல்லை. சத்தியமா பொய் இல்லை. அப்பா மேல சத்தியம். போல்ட் கிட்ட ஒரே ஒரு தடவை குத்து. ஊசி இறங்கலேன்னா என்னைக் காறித் துப்பிட்டு ஏறிப் போ. குத்தாம ஏறாதே.

படகு கிளம்பு...


ஜூன் 11

அண்ணாவுக்கு,

நான் உயிரோட இருக்கேன். பொடிசும் இருக்கா. இதை முதல் வரியில எழுதணும்னு தோணிச்சு. நீ என்ன நிலைமையில இதைப் பிரிப்பேன்னு தெரியும்.

மார்ச்ல பெட்ரோல் போட ஒரு மஞ்சள் விமானம் எங்க மைதானத்துல வந்து இறங்குச்சு. பயிற்சிப் பள்ளி கேப்டன் ஓட்டிட்டு வந்தார். நான் ஓடிப் போய், "இடது இறக்கையை யார் சார் மாத்திக் கொடுத்தாங்க?"ன்னு கேட்டேன். "மாத்தறதா? ஏம்மா, ஒர்க்‌ஷாப்ல ஒருத்தர் ரெண்டு மணி நேரம் தட்டிப் பார்த்து, கல்லு மாதிரி இருக்குன்னு கொடுத்தார்"ன்னார். முதுகைப் பிடிச்சுக்கிட்டே குனிஞ்சாரான்னு கேட்டேன். ஆமான்னார். அதுக்கப்புறம்தான் இடத்தைக் கேட்டு உனக்கு எழுதினேன். நீ பொய் சொல்ல மாட்டே, கேப்டன்தான் ஏதோ மறைக்கிறார்னு கடைசி வரைக்கும் நினைச்சேன். உன் பதில் வந்தது. அவர் அடுத்த தடவை வந்தப்ப கெஞ்சி மூடியைக் கழட்டி, நீ எழுதின அதே இடத்துல, கீழ் போல்ட்டுக்குப் பின்னாடி, விரலை வெச்சேன். காய்ஞ்ச கட்டை. வாசனை கூட நல்லா இருந்துச்சு.

அன்னிக்குத்தான் தரகருக்கு எழுதிப் போட்டேன்.

உன் மே கடிதத்தைப் படிச்சேன். ஆரம்பிச்சுட்டான்னு சிரிச்சேன். தந்தியைக் கிழிச்சேன். தபால் படகுல வந்ததைப் பிரிக்கவே இல்லை. சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் பொடிசைக் கூப்பிடக் கிளம்பிட்டேன்.

போகும்போது ஒண்ணும் ஆகலை. மாமியார் துணியெல்லாம் மடிச்சு வெச்சிருந்தாங்க. பொடிசை முன் சீட்டுல வெச்சுப் பட்டையால இறுக்கிக் கட்டினேன். கரையைத் தாண்டி, கீழே தண்ணியைத் தவிர எதுவுமே இல்லாத இடத்துல காத்து ஒரு தடவை தூக்கிப் போட்டுச்சு. இடது பக்கம் மடக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் விட்டு விட்டு மடக், மடக்னு. பொடிசு திரும்பிப் பார்த்து, "அம்மா, கதவை யாரு தட்டறா?"ன்னு கேட்டா.

அம்மான்னு கூப்பிட்டா அண்ணா. எத்தனை நாள் கழிச்சுக் கூப்பிட்டா. அந்த நேரத்துலயா கூப்பிடணும்.

"காத்துதான்டா தட்டுது, நீ பாட்டுப் பாடு"ன்னேன். அவ பாடினா. நான் வேகத்தைக் குறைச்சு, தண்ணியை ஒட்டி இறக்கி, வலது பக்கம் ஒரு நூல் சாய்ச்சுப் பிடிச்சபடியே வந்தேன். இறக்கையைப் பார்க்கக் கூடாதுன்னு நினைச்சேன், பார்த்துக்கிட்டேதான் வந்தேன். பெயிண்ட்ல ஒரு சுருக்கம் விழுந்துச்சு. அது கண்ணு முன்னாடியே நீண்டுச்சு. எப்படி இறங்கினேன்னு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் இல்லை. நின்னதும் பொடிசைத் தூக்கிட்டுப் போய்ப் புல்லுல உட்கார வெச்சுட்டுத் திரும்பி வந்து மூடியைக் கழட்டினேன். குத்தூசி எதுக்கு, விரலே உள்ளே போச்சு. டீயில நனைச்ச பிஸ்கட் மாதிரி கையோட வந்துச்சு. அங்கேயே மண்ணுல உட்கார்ந்து உன் கடிதத்தைப் பிரிச்சேன்.

நீ சீட்டைக் கழுவினதைப் படிச்சு அழுதேன். அது வேற. ஆனா இதுக்குப் பதில் சொல்லு. இத்துப்போயிருக்குன்னு பிப்ரவரியில எழுதினதும் நீதான், மே மாசம் எழுதினதும் நீதான். பொய்க்கும் நிஜத்துக்கும் ஒரே கையெழுத்து. நான் எதை வெச்சுக் கண்டுபிடிப்பேன்? என்னைக் காப்பாத்தணும்னுதானே பொய் சொன்னே? அந்தப் பொய்தான் என்னையும் என் பொண்ணையும் அந்த இறக்கைக்குக் கீழே உட்கார வெச்சுச்சு.

தரகரைக் காணோம். மருந்து வேலையை இப்போதைக்குக் கேப்டன் பார்க்கறார், அந்த மஞ்சள் விமானத்துல. தினமும் என் தலைக்கு மேலதான் போறார். மழை முடிஞ்சதும் பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பிடுவாராம். அதுக்குள்ள என் இறக்கையைக் கட்டி முடிச்சா வேலை எனக்குத்தான்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. வீட்டைக் காலி பண்ணச் சொல்லலை. மாமியார்கிட்ட எதையும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன்.

அதனால வா. உளி, இழைப்புளி, பசை, நல்ல கட்டை எல்லாத்தையும் எடுத்துக்கோ. படகு கிடையாது, கேப்டன்கூட ஏறித்தான் வரணும். அந்த இறக்கை எப்படின்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவைப் பக்கத்து வீட்டம்மா பார்த்துப்பாங்கன்னா மட்டும் கிளம்பு. நான் இறங்கிட்டேன்னு அவர்கிட்ட சொல்லிட்டு வா, இந்தத் தடவை அது உண்மை.

நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு வராதே. விமானம் நிக்கிற கொட்டகையிலேயே உனக்குக் கட்டில் போட்டிருக்கேன். நீ ஒட்டற ஒவ்வொரு கட்டையையும் நான் தட்டிப் பார்ப்பேன், குத்திப் பார்ப்பேன். முகத்தைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.

யார் வர்றாங்கன்னு பொடிசு கேட்டா. மாமான்னேன். "மாமா நல்லவரா?"ன்னு கேட்டா.

"நல்லா இறக்கை கட்டுவார்"னு சொன்னேன்.

வாலு